பல்லும் சொல்லும்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது முதியோர் வழக்கு. பல் விழுந்தாரை நோக்கிக் கூறப்பட்ட இம்மொழி, பல் இருந்தும் அஃது இருக்கவேண்டிய இடத்தில் இல்லாதார்க்கும் பொருந்துமென்பதைத் தமிழாசிரியராகிய நாம் காலந்தாழ்த்தே அறிந்தோம். அறிந்த வகையை முதலிற் கூறி, கோணிய பற்களை நேர்செய்யும் சிகிச்சையைப் பின்னர் விளக்குவோம்.

தொல்காப்பியரும் நன்னூலாரும் எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்துப் பல்லையும் உறுப்புக்களுள் ஒன்றாக வைத்தனர். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லுங் கீழிதழும் பொருந்தப் பிறப்பது. சகரத்துக்கு இலக்கணம் வகுத்த இடம் இடைநாவும் இடையண்ணமுமே. ஆயினும் நம் பேச்சில் மொழிமுதற் சகரம் சீறலோசையாக வருதலின், அதற்கும் முன்பல்லின் துணை வேண்டும். இவ்வொன்றை நாம் பாடத்திற் சொல்லியதில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணாக்கன் 'சங்கிலி' என்பதைத் 'தங்கிலி' போல ஒலித்தான். நாவைப் பற்களுக்கிடையே நீட்டுவதைக் கண்டு, கவனக்குறைவெனக் கொண்டு, பத்து முறை இருபது முறை மீட்டுஞ் சொல்வித்தோம். வகுப்பு நகைத்தது. பேச்சுப் போட்டிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கியவரும் நாமே. பின்னொருநாள் பற்பரிசோதனைக்கு வந்த பற்சிகிச்சையாளர், அவனைக் கடைவாய் கடிக்கச் செய்து, உதட்டை விலக்கி எமக்குக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் நன்கு பொருந்தியிருக்க, முன்புறத்து மேற்பற்களுக்குங் கீழ்ப்பற்களுக்குமிடையே ஒரு பென்சில் நுழையுமளவு வெளி திறந்து கிடந்தது. விரல் சூப்பும் பழக்கம் இருந்ததாவென அவர் வினவினார். ஒன்பது வயதுவரை இருந்ததெனத் தாயார் பின்னர் ஒப்புக்கொண்டார். அவ்வெளியை அடைத்தற்கே நா முன்னே நீண்டது. நாம் இருபது முறை சொல்வித்தது, கதவில்லா வீட்டைத் தாழிடு என்றதனோடொக்கும்.

விரல் சூப்புதல் ஒரு காரணமே. தாடை சிறுத்துப் பல் பெருத்திருத்தல் பிறப்பால் வருவது. நாம் தடுக்கக்கூடியது வேறொன்றுண்டு. பாற்பல் இருபதும் விழுந்து போவனதாமே என்று, சூத்தை பிடித்தால் அசட்டையாக விடுகிறோம். பாற்பல், தனக்குப் பின் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது. பாற்கடைவாய்ப் பல் காலத்துக்கு முன் போய்விடின், ஆறு வயதளவில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும். பதினொன்று பன்னிரண்டு வயதிற் பிந்தி வரும் மேல் வேட்டைப்பல், இடமின்றி முரசின் மேற்புறத்தே புறப்பட்டுத் தெற்றுப்பல்லாகும். தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்பாருமுளர். துலக்க முடியாத அவ்விடுக்கிற் சூத்தை பிடிப்பதை அவர் எண்ணுவதில்லை.

இனிச் சிகிச்சை. எலும்பில் ஊன்றிய பல் எங்ஙனம் நகரும்? வேலிக் கதியாலை அசைத்து நிமிர்த்துவது போன்றதன்று இது. பல்லின் வேருக்கும் தாடையெலும்புக்குமிடையே, ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்றுண்டு. பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளினால், நெருக்குண்ட பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கும். இழுபட்ட பக்கத்திற் புது எலும்பை வேறு உயிரணுக்கள் கட்டும். இதனைச் சுவீடன் நாட்டுக் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பார் நாய்களில் ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலும்பு உயிருள்ள பொருளாதலாலேயே பல் நகர்கின்றது. மாதமொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே போகும். விரைவு வேண்டி மிகுதியாக அழுத்தின், அவ்விடத்துக் குருதியோட்டம் நின்று பல் தங்கிவிடும், வேரும் தேயலாம். கெட்டிக்கார வைத்தியர் மெல்லத்தான் இழுப்பார். ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு என அவர் கூறும்போது பெற்றோர் முகஞ் சுளித்தல் ஆகாது.

இம்முயற்சி பழையதே. பிரான்சு தேசத்துப் பியேர் போஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட பல்வைத்திய நூலிலே, பற்களை நூலாற் கட்டி இழுக்கும் உலோகப் பட்டை கூறப்பட்டுள்ளது. அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள் 1899ஆம் ஆண்டில், முதற் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் முறைகொண்டு கோணல்களை மூவகைப்படுத்தினார். அவ்வகுப்பு இன்றும் வழங்குகின்றது. இக்காலத்திற் பல்தோறும் சிறு பிடியொன்றை ஒட்டி, அவற்றினூடே வில்போன்ற கம்பியைச் செலுத்துவர். நிக்கலும் ரைற்றேனியமுங் கலந்த கம்பி, வளைத்துக் கட்டினும் தன் பழைய வடிவுக்கு மீள முயன்று பல்லையும் உடன்கொண்டு செல்லும். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத, கழற்றி மாட்டும் உறைகளும் 1999ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்துள்ளன. எல்லாக் கோணலுக்கும் அவை ஏற்றனவல்ல. பல்லிடைவெளியை மூடவெனத் தாமே இறப்பர் வளையம் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுமுளர். அவ்வளையம் முரசினுள் ஏறிப் பல்லையே விழச்செய்யும். இதைக் கண்டால் உடனே தடுத்தல் வேண்டும்.

கம்பியிருக்குங் காலத்தில் உண்டபின் ஒவ்வொரு முறையும் பல் துலக்குதல் வேண்டும். பனங்கட்டி கடித்தலும் தொதலும் விலக்கு. தவறின், கம்பி கழற்றும் நாளிற் பல் நேராகவும் வெண்புள்ளி படிந்ததாகவும் இருக்கும்.

நம் மாணாக்கனுக்கு இருபத்திரண்டு மாதங்கள் சென்றன. வாயில் அடைபட்டது, ஆயினும் சொல் அன்றே திருந்தவில்லை. பழகிய நா பழைய வழியிலே சென்றது. பேச்சுப் பயிற்சியாளரிடம் சில மாதம் பயின்று, கண்ணாடி முன் நின்று தானே முயன்றபின்னரே சகரம் வந்தது. சென்ற தமிழ்த்தினப் போட்டியில் அவன் பேசினான், பரிசு பெறவில்லை. கம்பி கழற்றியதும் வேலை முடிந்ததென்றெண்ணினோம், அதுவும் பிழை. புது எலும்பு இறுகும்வரை பற்கள் பழைய இடத்தை நாடுமாகலின், இரவில் ஒரு தட்டு அணிதல் வேண்டும். அதனை அவன் விடுதியிற் கைக்குட்டையிற் சுற்றி வைக்க, கூட்டியவர் குப்பையென்று எறிந்துவிட்டார். இப்பொழுது அணிவது இரண்டாவது தட்டு. அதற்கொரு பெட்டியும் வாங்கியிருக்கிறான்.