குஞ்சை அல்ல, தாயை விசாரி

மோகனூர்,
தை மாதம்.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவின் முட்டிவலி பனி முடிகிறவரை விடாது, அதை விட்டால் குறையொன்றுமில்லை.

நீ அனுப்பிய விளம்பரப் படத்தைப் பார்த்தேன். "ஒரிஜினல் சிறுவிடை, ஒருநாள் குஞ்சு, தமிழ்நாடு முழுக்க பஸ் பார்சல்" என்று போட்டு, பணம் அனுப்ப நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். நூறு குஞ்சுக்கு முன்பணம் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்பாதே. காரணத்தைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், நூறு எதற்கு? உங்கள் வீட்டில் ஐந்து பேர். மாப்பிள்ளைக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் இருந்தால் வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். ஆண், பெண் பிரிக்காமல் வாங்கும் குஞ்சில் பாதி சேவலாகத்தான் வரும். ஆகவே இருபது, இருபத்தைந்து குஞ்சோடு தொடங்கு. ஒரு வருஷம் போனபின் அதை நூறாக்குவதா என்பதை உன் கோழிகளே உனக்குச் சொல்லும்.

இனி எங்கே வாங்குவது என்பது. வேலையில் இருந்த காலம் முழுக்கக் கால்நடை மருந்தகத்து வாசலில் நான் பார்த்தது ஒன்றுதான். செத்த குஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் குஞ்சு என்ன விலை, என்ன நிறம், எத்தனை சுறுசுறுப்பாக இருந்தது என்று எல்லாம் சொல்வார்கள். அதை ஈன்ற கோழி எங்கே இருக்கிறது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். குஞ்சின் ஆரோக்கியத்தில் பெரும்பகுதி அது முட்டைக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தாய்க்கு ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோவுக்கும் தடுப்பூசி முறையாகப் போட்டிருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குப் போய், முதல் ஒன்றிரண்டு வாரம் அதைக் காக்கும். தடுப்பூசியே காணாத தாயின் குஞ்சு வெறும் உடம்போடு பிறக்கிறது. நல்லது போலவே கெட்டதும் முட்டை வழியாக வரும். புல்லோரம் என்று ஒரு சால்மொனெல்லா நோய் இருக்கிறது. தாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், குஞ்சுகள் பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு முதல் மூன்று வாரத்துக்குள் வரிசையாகச் சாகும். நாள்பட்ட சளி நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மாவும் இப்படித்தான் இறங்குகிறது. இதற்கெல்லாம் குஞ்சுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை. தாய்க்கோழியின் ஒரு சொட்டு ரத்தத்தை நிறமேற்றிய மருந்துத் துளியோடு தட்டில் கலந்து பார்த்தால், இரண்டு நிமிஷத்துக்குள் புல்லோரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தாய்க்கோழி வைத்திருக்கும் பொறுப்பான இடத்தில் இந்தச் சோதனை நடக்கும். நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

விளம்பரக்காரரிடம் எனக்குள்ள சந்தேகமும் இதுவே. அவரிடம் தாய்க்கோழி இருக்கிறது என்று அந்தப் படத்தில் எங்கும் இல்லை. இன்றைக்கு ஐந்நூறு முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, நாலு ஊரில் முட்டை சேகரித்துப் பொரிக்கிற பையன்கள் நிறைய. உழைப்பாளிகள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நாலு ஊர் முட்டை என்றால் நாலு ஊர் நோயும் ஒரே பெட்டிக்குள் பொரிகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. மாரெக்ஸ் நோய்க்கான தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றே, பொரிப்பகத்திலேயே, கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. அந்த மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குஞ்சுக்குக் கணக்கிட்டது. கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அறுபது குஞ்சு பொரிக்கிறவர் அதை உடைப்பாரா? மாட்டார். மூன்று நாலு மாதம் நன்றாக வளர்ந்த கோழி ஒருநாள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு விழும்போதுதான் அந்தக் கணக்கு உனக்கு வந்து சேரும். அதனால்தான், ஒரு பொரிப்பகத்தைப் பற்றி விசாரிக்கும்போது போன வாரம் வாங்கியவரைக் கேட்காதே. ஆறு மாதம் முன்பு வாங்கியவரைத் தேடிப் பிடித்துக் கேள்.

நாமக்கல் பக்கத்தில்தானே இத்தனை ஹேட்சரி இருக்கிறது, பெரியப்பா வாங்கி அனுப்பக் கூடாதா என்று நீ நினைக்கலாம். இங்குள்ளவற்றில் பெரும்பாலானவை முட்டைப் பண்ணைக்கு வெள்ளை லேயர் குஞ்சு கொடுப்பவை. அந்தக் கோழி கூண்டில் தீவனம் தின்று முட்டையிடவென்று வளர்த்தெடுத்தது. உங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் பருந்துக்கும் கீரிக்கும் தப்பத் தெரியாது. லேயர் குஞ்சில் ஆணுக்கு அங்கே வேலையில்லை. பிரித்துக் கழித்த அந்த ஆண் குஞ்சுகள்தாம் பச்சையும் ரோஸும் சாயம் ஏற்றி, கூடையில் சைக்கிளிலும் டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் உங்கள் தெருவுக்கு வருகின்றன, பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாக. குழந்தைகள் அழுதால் ஒன்றிரண்டு வாங்கிக் கொடு, உன் கூட்டத்தோடு மட்டும் சேர்க்காதே. அவை முட்டையிடப் போவதில்லை. வெயிலில் ஊர் ஊராகச் சுற்றி வந்த குஞ்சு எதைச் சுமந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

வாரச்சந்தையும் வேண்டாம். சந்தைக்குக் கோழி இரண்டு காரணத்துக்காக வரும். ஒன்று பணமுடை. மற்றது, ஊரில் கோழி சாக ஆரம்பித்துவிட்டது, மிச்சத்தை விற்றுவிடலாம் என்பது. எது எந்தக் காரணத்துக்கு வந்தது என்று கோழியின் நெற்றியில் எழுதியிருக்காது. வெள்ளைக்கழிச்சல் உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய ஐந்தாறு நாளாகும், சிலசமயம் இரண்டு வாரம்கூட ஆகும்.

பின்னே எங்கேதான் வாங்குவது? என் முதல் தேர்வு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை மாதவரத்தில் இருக்கும் கோழியின ஆராய்ச்சி நிலையம், மாவட்டங்களில் இருக்கும் அவர்களுடைய ஆராய்ச்சி, பயிற்சி மையங்கள், இவற்றில் உனக்கு எது பக்கமோ அங்கே போய்க் கேள். நந்தனம் ரகங்களெல்லாம் அவர்கள் உருவாக்கியவை. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரி. சிக்கல் என்னவென்றால், நினைத்த அன்று கிடைக்காது. பேர் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திரு. கேட்ட மறுநாளே எத்தனை நூறு வேண்டுமானாலும் தருகிறேன் என்கிற இடத்தைவிட, வரிசையில் நிற்கச் சொல்கிற இடம் மேல்.

அங்கே கிடைக்காவிட்டால், சொந்தமாகத் தாய்க்கோழி வைத்து, அதன் முட்டையை மட்டும் பொரித்து விற்கிற பண்ணைக்காரர் ஒருவரை உன் ஊருக்குப் பக்கத்திலேயே தேடு. நேரில் போ. தாய்க்கோழியைக் காட்டச் சொல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாங்க வாங்க என்று செருப்போடு கொட்டகைக்குள்ளேயே கூட்டிப்போகிறவர் நல்ல பண்ணைக்காரர் இல்லை. வெளியே நிறுத்தி, வலைக்கு அப்பாலிருந்து காட்டி, இன்றைக்கு வேறு பண்ணைக்கோ சந்தைக்கோ போய்விட்டு வந்தீர்களா என்று உன்னையே குறுக்கு விசாரணை செய்கிறாரே, அவரிடம் வாங்கு. தடுப்பூசி நோட்டைக் கேள். எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல், சேவலை எப்போது மாற்றினார் என்று கேள். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கணக்கு. வருஷக்கணக்கில் அதே ரத்தத்துக்குள் சேர்ந்துகொண்டிருந்தால் குஞ்சு சோடையாகிக்கொண்டே வரும்.

ரகம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கியவை. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டை இடும், ஆனால் அடைக்கு உட்காராது. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்க ஓட வேண்டியதுதான். சோனாலி என்று ஒன்று, ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் ஃபயூமிப் பெட்டையையும் சேர்த்து வங்கதேசத்தில் உருவான கலப்பு. அது இங்கே நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்கிறது. கலப்பு வாங்குவதில் தப்பில்லை, கலப்பென்று தெரிந்து வாங்கு. கருங்கோழி மோகமும் உனக்கு உண்டென்று மாப்பிள்ளை சொன்னார். கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. கிரிக்கெட் வீரர் தோனி ராஞ்சியிலுள்ள தன் பண்ணைக்காக அங்கே 2,000 குஞ்சு கேட்டிருந்தார். 2021 ஜனவரியில் அந்தப் பக்கம் பறவைக்காய்ச்சல் வந்து அது நின்றுபோய், மறுவருஷம்தான் குஞ்சு போய்ச் சேர்ந்தது. தோனியே காத்திருந்தார். உன் ஊரைச் சுற்றிக் கோழி சாகிறது என்று கேள்விப்பட்டால் நீயும் காத்திரு, அந்தப் பருவத்தில் வாங்கவே வாங்காதே.

பஸ் பார்சல் பற்றி ஒரு வார்த்தை. குஞ்சு பொரியும் முன் மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து 72 மணி நேரம் தீனி, தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஓட்டை உடைத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, பஸ் ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல. ஒரே மெஷினில் முதலில் பொரித்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காக ஒரு நாளுக்கு மேல்கூட உள்ளேயே காய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் பெட்டியில் அடைத்து, பஸ்ஸின் அடியிலோ கூரையிலோ போட்டு, இரவெல்லாம் வந்து, காலையில் ஸ்டாண்டில் நீ போகிறவரை கிடந்தால் என்ன மிஞ்சும்? வந்தபின் சாகிற குஞ்சுக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. அதிகாலையில் நீயே போய் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் வாங்கு.

எடுக்கும்போது பெட்டியின் மூலையிலிருந்து நாலைந்தைக் கையில் எடுத்துப் பார். மல்லாத்திப் போட்டால் நொடியில் புரண்டு எழ வேண்டும். தொப்புள் மூடி, உலர்ந்து இருக்க வேண்டும். கறுப்பாக மேடு தட்டியிருந்தாலோ, ஈரமாக நாற்றமடித்தாலோ அந்தப் பெட்டியே வேண்டாம், ஏனென்றால் மெஷினின் சூடோ சுத்தமோ சரியில்லை என்பதற்கு அது அடையாளம். கால் தோல் சுருங்கி நரம்பு தெரிந்தால் தாகத்தில் இருக்கிறது. எடை குறைவு என்று பயப்படாதே. முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் குஞ்சு, சின்ன முட்டைச் சிறுவிடைக்குக் குஞ்சும் சின்னதுதான்.

இத்தனையும் சொன்னாலும், முதல் தடவை உனக்கு ஒருநாள் குஞ்சு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. நாலு வாரக் குஞ்சாக வாங்கு. விலை கூடத்தான். ஆனால் 95 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் பல்பு போட்டுக் காக்கிற முதல் வாரமும், ஏழாம் நாள் ராணிக்கெட் சொட்டும், பதினாலாம் நாள் கம்போரோ சொட்டும் விற்பவர் வீட்டிலேயே முடிந்துவிடும். பலவீனமானது அங்கேயே கழிந்திருக்கும். அரசு மானியத்தில் பெண்களுக்குக் கோழி கொடுத்தபோதும் நாலு வாரக் குஞ்சாகத்தான் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா வைத்திருக்கும் பழைய கோழிகளோடு மூன்று வாரம் சேர்க்காமல் தனியே அடை. அவர்களுக்கு வருத்தமாக இருந்தால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு. அந்தக் கோழிகளில் ஒன்று அடைக்கு வந்தால், தடுப்பூசி போட்ட பண்ணையிலிருந்து ஒரு வாரத்துக்குள் இட்ட கருமுட்டை பத்து வாங்கிப் பஞ்சாரத்தில் வைக்கச் சொல். அந்த வித்தையில் அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

குஞ்சோடு சேர்த்து முதலீட்டுத் திட்டம் விற்கிறவர்கள் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. பணம் கட்டினால் குஞ்சும், கொட்டகையும், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருகிறோம் என்று பெருந்துறைப் பக்கம் ஈமுவுக்குச் சொன்னார்கள், நாட்டுக்கோழிக்கும் சொன்னார்கள். 2012இல் எல்லாம் சரிந்து, சனங்கள் போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்றதை நீ காலேஜ் படிக்கும்போது பேப்பரில் பார்த்திருப்பாய்.

பிப்ரவரியில் ஊர் ஊராக வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும், காசு கிடையாது. அதற்கு முன் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரையும் ஆய்வாளரையும் பார்த்து, முகாம் தேதியைக் கேட்டு வை. எந்தப் பண்ணைக் குஞ்சு எங்கே செத்தது, எங்கே தேறியது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது. சம்பந்தியம்மாவின் கோழிகளுக்கு முகாமில் ஊசி போட்டு முடி. அது முடிந்த தகவல் வந்த பிறகு, எந்தப் பண்ணை என்று நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

அன்புடன்,
உன் பெரியப்பா