முழந்தாட்படியிடுதல்

ஆலயத்திலே நாம் நன்கு பழகிய சொல் இது. முழந்தாள் என்பது முழங்காலே. தாள் என்றால் கால். நெல்லின் அடித்தண்டையும் தாள் என்றே சொல்கிறோம். இலத்தீனிலே 'கெனு' முழங்கால், 'பிளெக்தெரே' மடக்குதல். இவ்விரண்டும் சேர்ந்தே திருவழிபாட்டுச் சொல்லாகிய 'கெனுபிளெக்தெரே' பிறந்தது. கிரேக்கத்தின் 'கோனு', வடமொழியின் 'ஜானு' ஆகியனவும் 'கெனு'வின் உறவுகளே.

எபிரேயத்திலேதான் விடயம் சுவையானது. அம்மொழியிலே முழங்கால் 'பெரேக்', ஆசீர்வாதம் 'பெராக்கா', குளம் 'பெரேக்கா'. மூன்றுக்கும் மூல எழுத்துக்கள் ஒன்றே. இவை ஒரே வேரில் முளைத்தனவா, ஒலியால் மட்டும் ஒத்தனவா என்பதிலே மொழியறிஞர் ஒன்றுபடவில்லை. ஆனால் குளத்தை நம்பி வயல் செய்தவர்களுக்கு, ஆசீர்வாதமும் தண்ணீரும் அருகருகே நிற்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. தொடக்க நூல் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெண்கள் தண்ணீர் அள்ள வரும் மாலை நேரத்திலே ஆபிரகாமின் ஊழியன் கிணற்றடியில் ஒட்டகங்களை முழந்தாளிடச் செய்கிறான். அங்கே வரும் வினைச்சொல்லுக்கும், சற்றுப் பின்னர் அவன் இறைவனைப் போற்றும் சொல்லுக்கும் அதே மூன்று எழுத்துக்கள்தாம்.

அப்படியானால் முழந்தாளிடுவதெல்லாம் வணக்கமா? இல்லை. மத்தேயு 27ஆம் அதிகாரத்திலே படைவீரர்கள் இயேசுவின் முன் முழந்தாளிடுகிறார்கள், அது ஏளனம். பள்ளிக்கூடத்திலே பிள்ளையை முழங்காலில் விடுகிறார்கள், அது தண்டனை. பிறர் வலுவில் மடக்கிய முழங்காலில் வணக்கம் இல்லை. துவக்குமுனையிலே முழந்தாளிட வைக்கப்பட்ட ஒருவர், பின்பு ஆலயத்திலும் முழந்தாளிடக் கூசினால் அதை விசுவாசக் குறைவென்று நான் சொல்லமாட்டேன். அவர் நின்று செபிக்கட்டும்.

நிற்பதும் பழைய வணக்கமே. 325இல் கூடிய நீசேயா சங்கம், ஞாயிறுகளிலும் பெந்தெகோஸ்தே வரையான பாஸ்கா காலத்திலும் நின்றே செபிக்கும்படி தன் 20ஆம் விதியிலே பணித்தது. உயிர்ப்பைக் கொண்டாடும் நாட்கள் அல்லவா!

இன்றைய ஒழுங்கும் கடுமையானதல்ல. 2002ஆம் ஆண்டின் உரோமைத் திருப்பலி நூலுக்கான பொதுப் படிப்பினை, எழுந்தேற்ற வேளையிலே முழந்தாளிடச் சொல்கிறது. ஆயினும் உடல்நலக் குறைவு, இட நெருக்கடி, சனக்கூட்டம் போன்ற நியாயமான காரணங்களுக்கு விலக்கும் தருகிறது. அத்தகையோர் எழுந்தேற்றத்தின்பின் குரு முழந்தாளிடும்போது ஆழ்ந்து தலைவணங்க வேண்டும். முகாம் கொட்டிலிலே பாயில் இருக்கும் வயோதிபர்கள், எழும்ப முடியாவிட்டால், இருந்தபடியே தலையைத் தாழ்த்தினால் போதும்.