கோழியின் உள்ளங்கால்

மஸ்ஜித் இந்தியாவில் புடவைக்கடை உத்தியோகமும், கிள்ளானில் கொல்லையோடு கூடிய வீடும், அந்தக் கொல்லையில் கம்பத்துக் கோழிகளுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், கோழி வளர்க்கும் அன்பர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, அந்தி சாய்ந்து அவை கட்டையேறி அடைந்த பின்பு, ஒவ்வொன்றையும் மெல்லத் தூக்கி அதன் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும் என்பதே. வலியை மறைப்பது இந்தப் பிராணியின் சுபாவம். அது நொண்டுவது நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

தையல் நடக்கும் வீடுகளில் விசேஷமாக அஞ்ச வேண்டியது நூல். சதா மண்ணைக் கிளறும் கோழியின் விரலில் ஓரிழையோ தலைமயிரோ சிக்கினால், நடக்க நடக்க அது இறுகி, வீங்கிய சதைக்குள் புதைந்து, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட, அவ்விரல் கருத்து உதிர்ந்தே போகும். பாரிஸ் நகரத்துப் புறாக்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, முடிதிருத்தும் கடைகள் மிகுந்த பகுதிகளில் விரலிழந்த புறாக்கள் அதிகம் என்று கண்டது. வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, முனை மழுங்கிய கத்தரியால் இழையை நறுக்கி, சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்.

உள்ளங்காலின் நடுவே கரும்பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் கண்டால், கீறல் வழியே ஸ்டாஃபிலோகாக்கஸ் முதலிய கிருமிகள் புகுந்திருக்கும். பறவையின் சீழ் நீராக ஓடாமல் பாலாடைக்கட்டி போல் இறுகிவிடுவதால், பிதுக்குவதில் பிரயோஜனமில்லை. கிருமி ஆழத்துக்குத்தான் போகும். எப்சம் உப்புக் கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துத் துடைத்து, போவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்து, கடையில் மிஞ்சும் மெல்லிய பருத்தித் துண்டை விரல்களினூடே குறுக்காகச் சுற்றிக் கட்டுவது என் வழக்கம். கட்டிய பின் விரல்கள் சில்லிட்டால் கட்டு இறுக்கம் என்று அறிந்து உடனே தளர்த்த வேண்டும். அக்கிருமி மனிதரையும் பற்றுமாதலால் கையுறை அவசியம். ஆயினும், கிள்ளான் மழையில் நசநசக்கும் தரையும், தொப்பென்று குதித்து இறங்கும்படியான உயரக் கட்டையும் அப்படியே இருக்க, மருந்து மட்டும் என்ன செய்யும்? மரத்தூளை அடிக்கடி மாற்றி, கட்டையை ஒன்றரை அடிக்குத் தாழ்த்தி, அதன் விளிம்பை இழைத்துவிட்ட பிறகே எங்கள் கோழிகளுக்கு இந்த உபத்திரவம் குறைந்தது.

ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் இளங்கோழிக்குக் கட்டும் களிம்பும் உதவா. அது காயமன்று, 1907-இல் ஹங்கேரிய மிருகவைத்தியர் யோசெஃப் மாரெக் விவரித்த, நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையில்லை, குஞ்சு பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் காப்பு. அத்தகைய கோழியை உடனே தனியே பிரித்துவைத்து, கால்நடை மருத்துவரிடமோ செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையிலோ காட்டுவது உத்தமம்.