முதல் வெப்சைட்டுக்கு எந்த டேட்டாபேஸ்?

போன எபிசோட்டில டேட்டாபேஸ் பற்றி மேலோட்டமாகக் கதைச்சிட்டு விட்டிட்டன். முதல் தடவையா ஒரு சின்ன வெப்சைட் செய்யிற ஆக்களுக்காக மிச்சத்தை இங்கே எழுதிறன்.

எங்கட நாட்டுக் கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1990 கடைசியில் ஜெனீவாவில், சேர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பேர்னர்ஸ்-லீ முதல் வெப் சேர்வரை ஓடவிட்டார். அங்கே இருந்த கனபேர் அதைப் பெரிசா எடுக்கவில்லை. அவர்களை உள்ளே இழுத்தது சேர்னின் தொலைபேசிப் புத்தகம். அது ஏற்கெனவே பெரிய மெயின்ஃபிரேம் கணினி ஒன்றில் இருந்தது. ஒரு நம்பர் பார்க்கிறதுக்கும் அதுக்குள்ள லொக்-இன் பண்ண வேணும். அந்தத் தரவை வெப் வழியாகக் காட்டினதும், எந்த மேசையில இருந்தும் பார்க்கக்கூடியதாக வந்தது. 1991 செப்டம்பரில் சேர்னுக்கு வந்த போல் குன்ஸ் இதைக் கண்டு கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில், டிசம்பர் 12 அன்று, இயற்பியல் கட்டுரைப் பட்டியலுக்கு அதே மாதிரி ஒரு வாசல் திறந்தது.

இரண்டு இடத்திலும் வெப்புக்காக யாரும் புது டேட்டாபேஸ் தேடவில்லை. வந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஆகவே முதல்ல இதைக் கேளுங்கோ: உங்கட தளத்துக்கு வாற ஆள் பார்க்க மட்டுமா வாறார், இல்லை எதையாவது எழுதிவிட்டும் போவாரா? கோயில் திருவிழா நேர அட்டவணை, நடன வகுப்புப் படங்கள் மாதிரி என்றால் டேட்டாபேஸே வேண்டாம். சாதாரண எச்.டி.எம்.எல் பக்கமும் ஒரு ஜேசன் ஃபைலும் போதும்.

எழுதுவார் என்றால் எஸ்கியூலைட்டில் தொடங்கச் சொல்லுவன். றிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் உருவாக்கினது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் வேலை செய்தபோது, டேட்டாபேஸ் சேர்வர் விழுந்தால் அவருடைய புரோகிராமும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் சேர்வரே இல்லாத டேட்டாபேஸ் ஒன்றை எழுதினார். முழுத் தரவும் ஒரே ஃபைலில் இருக்கும். உங்கட கைபேசிக்குள்ளயும் இது ஓடுது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம், மற்றவர் காத்திருக்க வேணும். ஆனால் அந்தக் காத்திருப்பு சில மில்லி செக்கன்தான். ஐம்பது பிள்ளைகளின் பதிவுக்கு யாருக்கும் தெரியப்போறதில்லை.

நான் விழுந்த இடம் இதுக்குப் பிறகுதான். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பதிவுப் படிவம் ஒன்று செய்தன். லப்டொப்பில நல்லா ஓடிச்சுது. இலவச கிளவுட் சேவை ஒன்றில் ஏற்றினன். வெள்ளிக்கிழமை இரவு 31 குடும்பம் பதிஞ்சிருந்தது. சனிக்கிழமை காலமை பார்த்தால் ஒன்றுமில்லை.

காரணம் சின்னது. அப்படியான சேவைகளில் உங்கட புரோகிராம் ஒரு கொன்டெய்னருக்குள் ஓடும். யாரும் வராட்டி அது தூங்கும். திரும்ப எழும்பும்போது நீங்கள் முதலில் ஏற்றின நிலையிலிருந்துதான் தொடங்கும். இடையில் உள்ளே எழுதின ஃபைல் போயிடும். அவர்களின் விளக்கப் பக்கத்தில் தெளிவா எழுதியிருந்தது, நான்தான் வாசிக்கேல்லை. ரீச்சர் ஒவ்வொரு அம்மாவுக்கும் திரும்ப அழைப்பு எடுத்தா. அப்படியும் இரண்டு பெயர் தவறிப்போச்சு. ஓட்டப்போட்டி அன்று, நெஞ்சில் நம்பர் இல்லாமல் ஒரு சின்னப் பெடியன் கோட்டுக்கு வெளியில நின்றான். ரீச்சர் ஏசேல்லை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

ஆகவே ஏற்ற முதல் 'ஃபைல் எங்கே தங்கும்?' என்று பாருங்கோ. நிலையான டிஸ்க் தரும் சேவை என்றால் எஸ்கியூலைட் ஃபைலை அதிலதான் வைக்க வேணும். இல்லாட்டி போஸ்ட்கிரெஸ் மாதிரித் தனியா ஓடும் டேட்டாபேஸ் எடுங்கோ. அதன் பாஸ்வேர்டைக் கோட்டுக்குள் எழுதி கிட்டில் போட்டுவிடாதேங்கோ. பி.எச்.பி-யில் எழுதிறீங்கள் என்றால் ஹொஸ்ட்பொயின்ட், இன்ஃபோமேனியாக் போன்ற சுவிஸ் நிறுவனங்களின் சாதாரண ஹோஸ்டிங் போதும், அதோடயே ஒரு டேட்டாபேஸும் வரும். எதை எடுத்தாலும், மற்றவர்களுக்கு லிங்க் அனுப்ப முதல் ஒரு பொய்ப்பெயரைப் பதியுங்கோ, தளத்தைத் திரும்ப ஏற்றுங்கோ, அந்தப் பெயர் இருக்கோ என்று பாருங்கோ. இரண்டு நிமிச வேலை.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 1 முதல் சுவிஸில் திருத்தின தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கு. என் பழைய படிவத்தில் மதியச் சாப்பாட்டுக்காக 'ஒவ்வாமை உண்டா' என்றும் கேட்டிருந்தன். பிள்ளையின் உடல்நலத் தகவல் அந்தச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புக்குரியது. இப்ப அதை ரீச்சர் கடதாசியில் எழுதி வைக்கிறா. படிவத்தில் பெயர், வகுப்பு, பெற்றோர் தொலைபேசி மூன்றும்தான். போட்டி முடிஞ்ச கிழமையே எல்லாத்தையும் அழிச்சிடுவன்.