சிப்பிப்பாறை நாயும் நமது ஈர நிலமும்

நமது அங்கத்தினர் சிலர் களத்துக்கும் தறிவீட்டுக்கும் காவலாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்க விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும் குட்டியை வாங்குமுன் அதன் இயல்பை அறிதல் அவசியம்.

இவ்வினத்திற்குப் பெயர் தந்த சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர். அக்கரிசல் வெளியில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்திப் பிடிக்கவே இந்நாயைப் பழக்கினர். ஒடுங்கிய நீள்முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நெடிய கால், குறுமயிர் யாவும் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. விலா எலும்பு சிறிது தெரிவது பட்டினியின் அடையாளமன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டைக்கு இன்று தடை உண்டு. துரத்தும் குணம் நிற்கவில்லை.

கும்பகோணத்து வயற்புறமோ கரிசற்காடன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கொல்லைகளில் ஈரம் வற்றுவதில்லை. மெல்லிய தோலும் குறைந்த கொழுப்பும் உடைய இந்நாய் குளிரைத் தாங்காது. கூரையின்கீழ்ப் பலகையிட்டு, அதன்மேல் உலர்ந்த சாக்கு விரித்தல் வேண்டும். வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் புண் உண்டாகும். நனைந்து வந்தால் துடைத்து, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

காலையும் மாலையும் அதற்கு ஓட்டம் தேவை. வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கலாகாது. அண்டை வீட்டுக் கோழியைக் கண்டால் நம் குரல் அதன் காதில் ஏறாது. தெருவில் விரித்த பாவின் குறுக்கே அது ஒருமுறை பாய்ந்தால் நெசவாளியின் பல நாள் உழைப்பு பாழாகும். அதற்கஞ்சி நாள் முழுதும் கட்டிவைத்தாலோ, சாதுவான நாயும் சிடுசிடுப்புக் கொள்ளும்.

ஆகாரத்தில் சோறு மட்டும் போதாது. முட்டையோ இறைச்சியோ சேர்க்க வேண்டும். வெங்காயமும் வெந்த எலும்பும் ஆகா. உண்டவுடன் ஓடவிடலாகாது. எலிமருந்து வைத்த வயற்பக்கம் கொண்டுசெல்லவே கூடாது.

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் தவணைகளில் தொடர வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி குறித்தும் அவரையே கேட்கலாம். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்க.

நனையாத இடமும், இரு வேளை ஓட்டிச்செல்ல ஓய்வும் உள்ளவர் இதனை மகிழ்வுடன் வளர்க்கலாம். காவல் மட்டுமே நாடுவோருக்கு நம் தெருவில் பிறந்த குட்டி ஒன்றே போதும். அது இந்த ஈரத்திற்குப் பழகியது.