பட்டு இழை மாட்டாத மேசை

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நெசவாளர் வீடுகள் உண்டு. அங்கே மேசையில் ஒரு மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், பட்டு இழை மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, நெடி குறைந்த 'வாட்டர் பேஸ் பி.யூ.' (நீர் சார்ந்த பாலியூரித்தேன்) பூச்சை மேசைக்கு வீட்டிலேயே கையால் பூசலாம்.

● 180, பிறகு 220 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேய்க்கவும். பிறகு ஈரத் துணியால் துடைக்கவும்; மர நார் சிலிர்த்தெழும். காய்ந்ததும் 320 எண் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்கவும்.

● டப்பாவைக் குலுக்கினால் நுரைக்கும். குச்சியால் மெதுவாகக் கலக்கவும்.

● நைலான் பிரஷ் நல்லது. விலங்கு முடி பிரஷ் தண்ணீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும்.

● கத்திரி வெயிலில் பூச்சு சட்டென்று உலர்ந்து பிரஷ் தடம் நிற்கும். காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெல்லிசாகப் பூசவும். பூசிய இடத்தையே திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது.

● டப்பாவில் குறித்த நேரம் காயவிட்டு, அடுத்த கோட் பூசும் முன் 400 எண் தாளால் வருடவும். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் துருப்பிடித்துக் கறையாகும்.

மேசைக்கு மூன்று கோட் போதும். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், பூச்சு முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை பட்டுச் சேலைகளை அதன்மேல் அடுக்காதீர்கள்.