புதிரை அவிழ்க்கும் இலக்கணம்

அன்புள்ள கண்ணம்மா,

நாளிதழில் வரும் கலைந்த எழுத்துப் புதிரையும் கைப்பேசியில் வரும் சொல் விளையாட்டையும் தினமும் முயன்று பார்ப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. “சொல் தானாகத் தோன்றினால் உண்டு, இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். இதற்கு வழி ஏதும் இருக்கிறதா?” என்றும் கேட்டிருந்தாய். இருக்கிறது. உன் பள்ளி இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தமிழில் 247 எழுத்துகள். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லா எழுத்தும் எல்லா இடத்திலும் வந்து நிற்பதில்லை. நன்னூல் கணக்குப்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை 103 மட்டுமே. உயிர் 12, க, ச, த, ந, ப, ம வரிசைகளில் 72, வ வரிசையில் 8, ய வரிசையில் 6, ஞ வரிசையில் 4, ங வரிசையில் 1. புள்ளி வைத்த எழுத்து எதுவும் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் வரா. ஆகவே புதிரைப் பார்த்ததும் “என்ன சொல் இது?” என்று கேட்காதே. “எது முதலில் வராது?” என்று கேள்.

ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். டி, ற், றா, கா என்று நான்கு எழுத்துகள். இவற்றை 24 விதமாக அடுக்கலாம். டி, ற், றா மூன்றும் முதலில் வரா. எனவே கா முதல் எழுத்து. ற் கடைசியிலும் நிற்காது. அதற்குப் பின்னால் ற வரிசையோ க, ச, ப வரிசைகளோதான் வரும். கா முதலிடத்துக்குப் போய்விட்டதால் றா மட்டுமே மிச்சம். ஆக ‘ற்றா’ சேர்ந்தே நிற்க வேண்டும். இப்போது இருப்பவை இரண்டே அடுக்குகள்: காடிற்றா, காற்றாடி. விடை கைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று: ப், ரு, ம், ப, தி. இதில் 120 அடுக்குகள். ப் தன்னையே அடுத்து வரவழைக்கும் எழுத்து. எனவே ‘ப்ப’ ஒரு துண்டு. ப அங்கே போய்விட்டதால் முதலில் நிற்கத் தகுந்தது தி மட்டும்தான். ம் என்ற எழுத்துக்குப் பின் ரு வராது, ப் வராது. ஆகவே அதன் இடம் கடைசி. மிஞ்சுபவை திப்பரும், திருப்பம். 120 இரண்டாகிவிட்டது, பார்த்தாயா?

இந்தத் துண்டு சேர்க்கும் வேலைக்குத்தான் மெய்ம்மயக்கம் என்று பெயர். அதைப் பாடமாகப் படித்திருப்பாய். இனிக் கருவியாகப் பயன்படுத்து. க், ச், த், ப் ஆகிய நான்குக்கும் பின்னால் அதே வரிசைதான் வரும். மெல்லின மெய்யைக் கண்டால் முதலில் அதன் இன வல்லினத்தைத் தேடு: தங்கம், மஞ்சள், வண்டு, பந்து, பாம்பு, கன்று. அது பொருந்தாவிட்டால் அதே எழுத்து இரட்டித்திருக்கிறதா என்று பார்: அம்மா, அன்னை, வெண்ணெய். பிறகு அன்பு, நண்பன் போன்ற சேர்க்கைகளுக்குப் போ. ர், ழ் இரண்டும் ஒருநாளும் இரட்டிக்கா. தனிக்குறிலை அடுத்தும் வரா. தர்மம், வர்ணம் என்பவை வடமொழிவழி வந்தவை. புள்ளி எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து நின்றால், முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: காய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை.

கடைசி எழுத்துக்கும் ஒழுங்கு உண்டு. வல்லின மெய் எதுவும் தமிழ்ச் சொல்லின் முடிவில் நிற்காது. அந்த இடத்தில் கு, சு, டு, து, பு, று வந்துவிடும்: பாக்கு, நாடு, காற்று. புள்ளி எழுத்தில் முடியும் என்று தோன்றினால் ம், ன், ல், ர், ள் ஆகியவற்றை முதலில் வைத்துப் பார். லாரி, டம்ளர், பஸ் போன்ற பிறமொழிச் சொற்கள் இந்த விதிகளுக்குக் கட்டுப்படா. எல்லா விதியும் முட்டினால், விடை அப்படிப்பட்ட சொல்லாக இருக்கலாம்.

இனி, மறைந்திருக்கும் சொல்லை ஊகிக்கும் விளையாட்டு. ஜோஷ் வார்டில் 2021 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘வேர்டில்’தான் இந்த வகையை உலகமெங்கும் பரப்பியது. மூன்றே மாதங்களில், 2022 ஜனவரியில், நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒன்று. விடையில் உள்ள எழுத்தைப் போட்டால் அதன் நிறம் மாறும். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000. அவற்றைப் பார்த்து, பலருக்கும் தெரிந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்தவர் வார்டிலின் துணைவி பாலக் ஷா. விடைப் பட்டியல் சுமார் 2,300 சொற்களாகச் சுருங்கியது. இதில் உனக்கு ஒரு பாடம் உண்டு. புதிர் அமைப்பவர் ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டும் என்றே விரும்புகிறார். அரிய சொல்லைத் தேடி அலையாமல் பழகிய சொல்லை முதலில் நினை.

முதல் ஊகத்தில் எழுத்து எதுவும் திரும்ப வரக் கூடாது. ‘பாப்பா’ என்று போட்டால் பா இரண்டு இடத்தைப் பிடித்து ஒன்றை வீணாக்கும். மூன்று வெவ்வேறு எழுத்து இருந்தால் மூன்று செய்தி கிடைக்கும்.

கடைசியாக, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. நான்கெழுத்துச் சொல்லில் ‘ட்டம்’ உறுதியாகிவிட்டது என்று வை. ஆட்டம், ஓட்டம், கூட்டம், தோட்டம், கட்டம், சட்டம், வட்டம், திட்டம், பட்டம் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். அப்போது ‘கவசம்’ என்று போடு. அது விடை அல்ல என்று உனக்கே தெரியும். ஆனால் க, வ, ச மூன்றையும் ஒரே வாய்ப்பில் சோதித்துவிடும். ஒன்று நிறம் மாறினால் விடை தெரிந்தது. மாறாவிட்டால் மூன்று சொற்கள் கழிந்தன. ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுத்து மூன்று சந்தேகங்களைத் தீர்ப்பது நல்ல வியாபாரம்.

விடை கிடைத்ததும் புதிரை மூடிவிடாதே. எந்த எழுத்தில் தடுமாறினாய், எந்த விதி உன்னைக் காப்பாற்றியது என்று ஒரு வரி எழுதி வை. விடையை வேறிடத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது உன் யோசனையை உன்னிடமிருந்து பறித்துவிடும். சொல்வளம் படிக்கப் படிக்க வரும். கழித்துப் பார்க்கும் அறிவு பழகப் பழக வரும். இரண்டையும் விடாமல் வளர்த்துக்கொள், கண்ணம்மா.

அன்புடன்,
சித்தப்பா